மஞ்சள் குடோனில் பூட்டிய ஆள்

ஈரோடு பஸ்ஸில் என் முன்சீட்டில் இருந்த இரண்டு நரைத்த தலைகளையும் ஆள்கடத்தல்காரர்கள் என்று நம்பி, போலீஸ் நம்பரை அழுத்தத் தைரியமில்லாமல் வியர்த்துக்கொண்டிருந்தேன்.

“ஆளை மஞ்சள் குடோன்ல வெச்சுப் பூட்டிப்போட்டேனுங்க,” என்றார் கிட்டார் பை வைத்திருந்தவர்.

“சோறுங்க?”

“ஜன்னல்ல பரோட்டா குடுத்தாச்சு. ட்ரம்ஸு, மைக்கு எல்லாம் உள்ளயே இருக்குது. கடைசிப் பாட்டுக்கு வாசிச்சாத்தான் கதவத் தொறப்பேன்னுட்டேன்.”

“இன்னிக்கு அவரு மச்சான் ஊட்டுக் காதுகுத்துங்களே, பாவம்.”

“ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் ஓடிப்போறாருங்க. நம்ம ராக் பேண்டு ஆல்பம் போட்டு இருவது வருசமாச்சு. இதையும் உட்டா, அடுத்ததுக்கு நாம இருக்கோணுமல்லங்க.”

அவருடைய போன் அடித்தது. கேட்டுவிட்டு, “குடோன் வாட்ச்மேனுங்க. வாசிச்சு முடிச்சுட்டாராமுங்க,” என்றார்.

பெருந்துறையில் இறங்கி, ட்ரம்மரைத் திறந்துவிட்டுக் காதுகுத்துக்குக் கூட்டிப்போக இருவரும் வேகமாக நடந்தார்கள்.