மொத சீட்டுக்காரன்

"…எறங்க மாட்றான் தங்கச்சி. அத்தத்தான் சொல்லிகினு கீறேன். பெல் அட்சா எல்லாரும் எறங்குறாங்க. பூக்காரம்மா எறங்குது, காலேஜ் பொண்ணுங்க எறங்குது, ஆட்டுக்குட்டியோட ஏறுனவன்கூட மருவாதியா எறங்கிப் பூட்டான். இவன் ஒர்த்தன் மட்டும் மொத சீட்ல குந்திகினு, வாயே மூட மாட்றான். நான் ஸ்டேரிங்கப் புட்ச்சிகினு கீறேன், இவன் காதாண்ட வந்து நொய்யி நொய்யின்னு… இன்னா கேமு இது? நீயே சொல்லு."

ஜமீலா வாயைத் திறந்தாள். சொல்வதற்கு அவர் இடம் விட்டால்தானே.

அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் ஜமீலாவின் கடை. வீடியோ கேம் ரிமோட், ஹெட்போன், ஸ்டீயரிங் என்று எது கெட்டாலும் அவளிடம்தான் கொண்டுவருவார்கள். இன்று வந்திருப்பவர் வெள்ளானூர் திருவேங்கடம். பரம்பரையாக நிலம் வைத்திருந்த குடும்பம். நிலமிருந்த இடத்தில் இப்போது வாடகை வீடுகள் நிற்கின்றன. வாடகை தானாக வருவதால் அவருக்கு வேலை இல்லை. வேலை இல்லாததால் வீடியோ கேம் ஆடுகிறார். ஆடியதை எல்லாம் திட்டி விமர்சனமும் எழுதுகிறார். அரிசிச் சாக்கில் சுற்றி அவர் கொண்டுவந்த கேம் ஸ்டீயரிங், ஜமீலாவின் மேசைமேல் வயிறு திறந்து கிடந்தது.

"கீய வுய்ந்துட்ச்சி. சொம்மா கைதவறி. ஹாரன் ஒட்டிகிச்சி, அட்சா நிக்க மாட்டுது. அவ்ளோதான் விசயம்."

ஜமீலா உள்ளே இருந்த தகட்டை எடுத்து வெளிச்சத்தில் காட்டினாள். நடுவில் குழிந்திருந்தது. நாலு விரல் முட்டியின் அச்சு பளிச்சென்று தெரிந்தது.

"இன்னா அப்டி பாக்குற… சரி, லேசா ஒரு தட்டு தட்னேன். அவன் பேசுனா நான் இன்னா பண்றது? மன்சனுக்குக் கோவம் வராதா? கேமு செஞ்சவனத் தட்ட முடியுமா? கைக்கெட்டுனது ஸ்டேரிங்கு. ஆனா தங்கச்சி, தப்பு என்னுதில்ல. இப்போ வர்ற கேமு எல்லாமே அப்டித்தான் கீது. தீவாளிக்கு ஒன்னு வந்துச்சே, ராசா காலத்துக் கேமு, குதுர மேல போவான். காடு, மலை, பனி, அப்டிப் போறான் இப்டிப் போறான். நான் ஒரு மாசம் அந்தக் குதுரய ஓட்டிகினு போனேன். ஒரு வாட்டியாவது சாணி போட்டுதா? புல்லு தின்னுதா? இல்ல. அப்புறம் இன்னாத்துக்கு அத்தக் குதுரன்ற? ஸ்கூட்டர்னு சொல்லிட்டுப் போ. எழுதுனேன். ஒரு ஸ்டார்."

ஜமீலா ஹாரன் ஸ்பிரிங்கைத் தேடினாள். மேசைக்கடியில் பையில் அவளுடைய மதியச் சாப்பாடு இருந்தது. சூடு ஆறிக்கொண்டிருந்தது.

"பொணம் தொரத்துற கேமு தெர்யும்ல? செத்தவன் எய்ந்து ஓடியாறான். எப்டி ஓடியாறான்? உசுரோட கீற நானே மாடிப்படி ஏறுனா ரெண்டு எடத்துல நிக்கிறேன். செத்தவனுக்கு மூச்சே வாங்காதா? சரி, செத்தவன்தான மூச்சு வாங்கமாட்டான்னு சொல்லுவ. அப்டின்னா நம்மளத் தொரத்தும்போது இன்னாத்துக்கு உர்ர்ருனு கத்துறான்? மூச்சில்லாம எப்டி கத்துவான்? கேட்டேன், பதிலே இல்ல. அதுக்கும் ஒரு ஸ்டார். வெவசாயக் கேமு ஒன்னு வந்துச்சு. அத்த ஏன் கேக்குற… பூசணி வெதச்சா மறுநாளு காய்க்குது. அட, காய்க்கட்டும். எலி இல்ல, பன்னி இல்ல, பக்கத்து நெலத்துக்காரன் வரப்ப வெட்டல. வரப்பு வெட்டாம இன்னா வெவசாயம்? எங்க சித்தப்பாவும் எங்கப்பாவும் அரையடி வரப்புக்கு சாவுற வரிக்கும் பேசிக்கல. அந்த ருசி எங்க கேமுல? அதவுடு. காசு குடுத்து வாங்குறோம், வாங்குன அன்னிக்கே சரிபண்றேன்னு அப்டேட்டு எறக்குறான் பாரு, ஊட்ல நெட்டு மொத்தமும் காலி. என் சம்சாரம் சுரேகா சீரியல் பாக்க முடியாம கண்டபடி பேசுறா. செருப்பு வாங்குன அன்னிக்கே எவனாவது வார் தெச்சிக் குடுப்பானா?"

ஸ்பிரிங் பொருந்திவிட்டது. தகட்டைத் தட்டி நேராக்க ஜமீலா சின்னச் சுத்தியலை எடுத்தாள். தட்டும் சத்தத்தில் அவர் நிறுத்துவார் என்று நினைத்தாள். அவர் குரலை உயர்த்தினார்.

"அதெல்லாம் வெளிநாட்டான் கேமு, போனாப் போவுது. இந்த பஸ்ஸு கேமு நம்மாளுங்க செஞ்சது. 'ஆவடி ஒண்ணு'ன்னு பேரு. நசரத்பேட்டைல பஸ்ஸ எடுக்கணும், பூந்தமல்லி, பருத்திப்பட்டு தாண்டி ஆவடில கொண்டாந்து நிறுத்தணும். அவ்ளோதான் கேமு. மொகப்பேர்ல யாரோ நாலு புள்ளைங்க செஞ்சதாம். மொதல்ல வந்தப்போ எப்டி இருந்துச்சி தெர்யுமா? எடுத்தா போயிட்டே கீது. ஆவடி வந்துட்ச்சி. நான் டீக்கு சக்கர போட்டுகினு இருந்தேன், அதுக்குள்ள ஆவடி வந்துட்ச்சி. இது பஸ்ஸா ஏரோப்ளேனா? அன்னிக்கு சாயங்காலமே எழுதிட்டேன், ஒரு ஸ்டார். பேரு மறைக்கல. வெள்ளானூர் திருவேங்கடம்னு போட்டுத்தான் எழுதுனேன்."

மூச்சுக்கு நிறுத்தினார். ஜமீலா நிமிர்வதற்குள் மறுபடி ஆரம்பித்தார்.

"சொம்மா கொற சொல்லிட்டுப் போற ஆளு இல்ல நானு. எப்டி செரி பண்றதுன்னும் சொல்லுவேன். வாய்ஸ் மெசேஜ் அனுப்புனேன். ரோட்ல மாடு வையி. வெச்சாங்க. தண்ணி லாரி வையி, அது ரெவர்ஸ்ல வரட்டும். வெச்சாங்க. ரோட்டத் தோண்டு. தோண்டுனாங்க. தோண்டுனத மூடாத. மூடல. கல்யாண ஊர்கோலம், அதுக்கு எதுத்தாப்ல சாவு ஊர்கோலம், ரெண்டு மேளக்காரனுங்களுக்கும் சண்ட. அத்தயும் வெச்சாங்க. இப்போ இன்னா ஆச்சி? நசரத்பேட்டைல எடுத்த பஸ்ஸு பூந்தமல்லியே தாண்ட மாட்டுது. ஊர்ல ஒர்த்தன்கூட ஆவடி போய்ச் சேரல. கேம வாங்குனவன்லாம் அந்தப் புள்ளைங்களத் திட்றான். பின்ன திட்டமாட்டானா? எவன்டா இந்த மாதிரி கேமு செய்வான்னு நானும்தான் எழுதுனேன். ரோஷினிக்கு அறிவு வேணாம்? எவனோ சொன்னான்னு எல்லாத்தயும் வெச்சிடுவியா?"

சுத்தியல் நின்றது. ஜமீலா அவரைப் பார்த்தாள்.

"இன்னா? ரோஷினியா? …என் பொண்ணுதான். அந்த நாலு புள்ளைங்கள்ல ஒன்னு. அது இன்னா இப்போ? கேமு செஞ்சது பொண்ணா இருந்தா நாலு ஸ்டார் சேத்துப் போடணுமா? நாளைக்கு எவன் என்ன நம்புவான்?"

இன்றைக்கு எவன் நம்புகிறான் என்று ஜமீலாவுக்குக் கேட்கத் தோன்றியது. தகட்டைத் திருப்பிப் போட்டுத் தட்டினாள்.

"அத்தத்தான் அவளும் கேட்டா. 'முன்ன பின்ன தெர்யாதவன்லாம் அஞ்சு குடுக்குறான், நீ ஒன்னு குடுத்துகிறியேப்பா'ன்னா. விமர்சனம்னா அப்டித்தாம்மான்னேன். லேப்டாப்ப எத்துகினு போனவதான். மொகப்பேர் ஹவுசிங் போர்டுல அந்தக் கூட்டாளிப் பொண்ணுங்களோட கீறா. சுரேகா மட்டும் வாராவாரம் மீன் கொழம்பு எத்துகினு போய்னு வந்துகினு கீறா. நான் போவல. நான் ஏன் போவணும்? அவ வந்து கூப்புடட்டும். நான் இன்னமும் வாய்ஸ் அனுப்பிகினுதான் கீறேன். ரெண்டு நீலக்கோடு வுயுது. கேக்குறா. பதில் இல்ல. இல்லன்னா போ… அதுக்கப்புறம்தான் கேமுக்குள்ள இந்த மொத சீட்டுக்காரன் வந்தான். யார் கேட்டாங்க இவன? நான் கேக்கவே இல்ல."

ஸ்டீயரிங்கை மூடி, திருகாணி முடுக்கி, கடை டிவியில் மாட்டினாள். அவரே தன் கணக்கைத் திறந்து கேமைப் போட்டார். திரையில் நசரத்பேட்டை வந்தது. பஸ் உறுமியது. ஹாரன் ஒருமுறை ஒழுங்காக அடித்து நின்றது. டிவிக்குள் டிரைவருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கிளம்பியது.

"இன்னாம்மா ரோடு இது, ஒயுங்கா ஒரு பள்ளங்கூட இல்ல…"

ஜமீலாவின் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் அப்படியே நின்றது. டிவியைப் பார்த்தாள், திருவேங்கடத்தைப் பார்த்தாள். அதே குரல். வாக்கியத்துக்கு வாக்கியம் அதே தொண்டைச் செருமல். குரலுக்குப் பின்னால் எங்கேயோ குக்கர் விசில் அடித்தது, ஒரு பெண்குரல் "சாப்டுட்டுப் பேசேன்யா" என்றது. நடுவில் ஒரு இடத்தில் சத்தம் லேசாக வெட்டுப்பட்டிருந்தது. 'ரோஷினி' என்ற ஒரு பெயர் அளவுக்கு வெட்டு.

ஜமீலா மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

"என் கொரலா?" திருவேங்கடம் சிரித்தார். "போம்மா. என் கொரலு கணீர்னு கீது. இது தகர டப்பால கல்லு போட்டுக் குலுக்குன மாரி கீது. சுரேகாவும் இத்தயேதான் சொல்றா. உங்க எல்லாருக்கும் காது டெஸ்ட் பண்ணணும். அதவுடு, நீ மெக்கானிக்குதான? இந்த ஸ்டேரிங்குல எங்கனா ஒரு பட்டன் போட்டுக் குடு. அமுக்குனா இவன் எறங்கணும். எல்லாரையும் எறக்கிவுட வழி வெச்சிகிறா, இவன மட்டும் எறக்கவே முடியாத மாதிரி செஞ்சி வெச்சிகிறா. இன்னா புத்தி அது?"

ஜமீலா அந்தப் புத்தியைக் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு சாப்பாட்டுப் பையை எடுத்தாள். பேங்க் வரைக்கும் போய்வருவதாகச் சொன்னாள். அவர் திரும்பவில்லை. எதிரே தண்ணி லாரி ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது.

சொந்தக் கடையை விட்டு ஓடி, சந்துக்கு அந்தப் பக்கம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அவள் சாப்பிட்டாள். அங்கிருந்து கடைக் கண்ணாடி வழியாக அவர் முதுகு தெரிந்தது. முதலில் கை ஓங்கியது. ஸ்டீயரிங் மறுபடி போயிற்று என்று நினைத்தாள். ஓங்கிய கை இறங்கியது. தலை ஒருபக்கமாகச் சாய்ந்தது. கொஞ்ச நேரம் போனபின் அந்தத் தலை ஆடியது, ஆமாம் ஆமாம் என்பதுபோல. அவள் கைகழுவிவிட்டுக் கதவோரம் வந்து நின்றாள்.

"கரீட்டு," என்று அவர் டிவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "அத்தத்தான் நானும் சொன்னேன். மாடு நடுரோட்ல படுக்கணும், ஓரமா படுத்தா அது மாடா?"

மொத சீட்டுக்காரன் ஏதோ சொன்னான்.

"பார்ரா. இத்த ஒர்த்தன் சொல்லமாட்டானான்னு பாத்துகினு இருந்தேன்."

பஸ் ஊர்கோலத்தில் மாட்டி நின்றது. அவருக்கு அவசரமில்லை. பாக்கெட்டிலிருந்து செல்லை எடுத்து வாயருகே வைத்துத் தன் பழைய விமர்சனத்தைத் திருத்தினார். "பஸ்ஸு ஓடல. கேமு வேஸ்ட்டு. ஆனா மொத சீட்ல ஒரு மன்சன் கீறாரு. விசயம் தெரிஞ்ச மன்சன். அவருக்காண்டி ரெண்டு ஸ்டார்."

அனுப்பிவிட்டு, ஜமீலா இவ்வளவு நேரமும் அங்கேயே நின்றதுபோல அவள் பக்கம் திரும்பினார்.

"ஆனா தங்கச்சி, ஒரு கொற கீது. அந்தாளு எங்க எறங்கணும்னு யாருமே கேக்கல. நானும் கேட்டுட்டேன், பதில் வெக்கல. டிக்கிட்டு குடுத்த கண்டக்டருக்காவது தெர்யணும்ல? எங்கனா ஒரு எடம் இருக்கும்ல அவருக்குப் போறதுக்கு? எவ்ளோ நாளு குந்தியே இருப்பாரு, பாவம்." ஜமீலாவின் கடையில் அந்த மதியம் முதன்முறையாக ஃபேன் சத்தம் கேட்டது. "இத்த வாய்ஸ்ல சொன்னா ரோஷினிக்குப் புரியாது. நேர்ல போய்த்தான் சொல்லணும். பண்றது தப்புன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லணும்."

ஸ்டீயரிங்கைச் சாக்கில் சுற்றி வண்டியின் முன்னால் வைத்துக்கொண்டு கிளம்பினார். சந்து முனையில் சிக்னல் விழுந்திருந்தது. பக்கத்து வண்டிக்காரரிடம் அவர் ஏதோ சொல்லத் தொடங்கியிருந்தார். பச்சை விழுந்ததும் அந்த ஆள் பறந்துவிட்டார். திருவேங்கடம் நிதானமாக முகப்பேர்ப் பக்கம் திரும்பினார்.