முள்ளை விட்டுவிட்டு ஒட்டுப் போட்டவன்

தலைமை ஏற்று, நான் எப்போது முடிப்பேன் என்று கைக்கடிகாரத்தைக் கனிவோடு பார்த்துக்கொண்டிருக்கும் மிதிவண்டிச் சங்கத் தலைவர் அவர்களே, முழங்கால் வலியையும் பொருட்படுத்தாமல் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்தோர்களே, அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற ஐயத்தோடு வந்திருக்கும் தாய்மார்களே, இன்று உங்களுக்கெல்லாம் பஞ்சர் ஒட்டக் கற்றுத்தர, தண்ணீர்த் தொட்டியும் டியூபுமாக மேடைக்குக் கீழே காத்திருக்கும் என் அன்புத் தங்கையே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

மிதிவண்டிக்குப் பகைவன் யார்? மேடா? மழையா? எதிர்க்காற்றா? இல்லை அன்பர்களே, முள். கண்ணுக்குத் தெரியாத, கடுகளவு முள். அந்த முள்ளையும் மிஞ்சிய பகைவன் ஒருவன் இருக்கிறான். எல்லாம் எனக்குத் தெரியும் என்று வண்டி ஓட்டுகிறவன். அவனை நான் நன்றாக அறிவேன். தினமும் காலையில் அவனுக்குத் தலை வாரிவிடுவதே நான்தான்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு, குடிநீர் ஆய்வகத்தில் என் தங்கைக்கு ஒரு நேர்காணல். வயது வரம்புப்படி அதுவே அவளுக்குக் கடைசி வாய்ப்பு. பத்து மணிக்கு வாயிற்கதவைச் சாத்திவிடுவார்கள். "நான் பஸ்லயே போயிக்கிறேண்ணே" என்றாள். நான் விட்டேனா? "என் சைக்கிள் இருக்கும்போது பஸ் எதுக்கு? கேரியர்ல உக்காரு" என்றேன்.

பாதி வழியில் பின்சக்கரத்தில் காற்று இறங்கியது. எதிரிலேயே ஒரு பஞ்சர் கடை. அங்கே பின்வரிசையில் ஓர் அன்பர் கேட்கிறார், கடைக்குப் போயிருக்கலாமே என்று. ஐயா, அன்று என் தங்கையும் அதையேதான் கேட்டாள். என் வண்டிக்கு நானே வைத்தியன் என்று மார்தட்டினேன். கழற்றினேன், உப்புத்தாளால் உரசினேன், ஒட்டினேன், ஓட்டினேன். கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் இறங்கியது. மறுபடியும் கழற்றினேன், உரசினேன், ஒட்டினேன், ஓட்டினேன். மறுபடியும் இறங்கியது. மணி ஒன்பதரை. குறுக்கு வழி என்று நான் திருப்பிய, பேருந்து வராத சாலை. கடையோ வெகுதூரம் பின்னால். பையில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஒட்டு.

"அண்ணே, மூணு தடவையும் ஒரே எடத்துலதான் ஓட்டை விழுது. டியூபையே பாத்துக்கிட்டு இருக்கியே, டயருக்குள்ள பாத்தியா?"

பார்க்கவில்லை, பெரியோர்களே. படைத்தளபதி போல் பேசிய நான் அதைப் பார்க்கவே இல்லை. அவள் கைக்குட்டையை டயருக்குள் விட்டு மெல்லச் சுற்றிவந்தாள். ஓரிடத்தில் துணி மாட்டியது. முள் அங்கே சொகுசாகக் குடியிருந்தது. நகத்தால் கிள்ளி எறிந்துவிட்டு, டியூபை உரசி, சொல்யூஷன் தடவினாள். நான் ஒட்டை எடுத்து நீட்டினேன்.

"அவசரப்படாத. காயாம ஒட்டுனா நிக்காது. நூறு வரைக்கும் எண்ணு."

எண்ணினேன். அறுபதைத் தாண்டியபோது, இவளுடைய வாழ்க்கையை என் வீறாப்பால் கெடுத்துவிட்டேனே என்று அழுகை வந்தது. நூறு என்றதும் அழுத்தி ஒட்டினாள். அது நின்றது.

ஆனாலும் போய்ச் சேரும்போது மணி பத்து ஐந்து. கதவு சாத்தியாயிற்று. வாயிற்காவலரிடம் நான் சொற்பொழிவைத் தொடங்கினேன். அவர் அசையவில்லை. சான்றிதழில் கறை படக்கூடாது என்று ஃபைலை முழங்கையில் இடுக்கியபடி நின்ற தங்கையின் கரிய விரல்களை மட்டும் பார்த்தார்.

"பஞ்சரா?"

"மூணு தடவைங்க."

"யாரு ஒட்டுனது?" என்று என்னைப் பார்த்தார்.

"மொதல் ரெண்டும் நான் ஒட்டுனேன். நிக்கல. இவ ஒட்டுனதுலதான் வந்தோம்."

கதவைத் திறந்தார். "இன்னும் யாரையும் கூப்பிடல. அங்க குழாய் இருக்கு, கையைக் கழுவிட்டுப் போம்மா. திரும்பி வர்றப்போ என் சைக்கிளையும் ஒரு பார்வை பாத்துடு." என்னிடம் கேட்கவில்லை, கவனியுங்கள்.

வேலை கிடைத்தது. இன்று நீங்கள் குடிக்கிற தண்ணீரைச் சோதித்து அனுப்புகிறவள் அவள்தான். கைதட்டுங்கள், இன்னும் பலமாகத் தட்டுங்கள்.

அன்பர்களே, நாம் எத்தனை ஒட்டுப் போடுகிறோம். உறவில் விரிசலா, ஒரு விருந்து. வேலையில் பிழையா, ஓர் அறிக்கை. ஒட்டுகிறோம், ஓடுகிறோம், மறுபடியும் இறங்குகிறது. உள்ளே கிடக்கும் முள்ளை எடுக்க வேண்டாமா? எடுக்கக் கூசுவது ஏன்? அது நாமே வைத்த முள் என்பதாலா?

என் முள்ளை இன்று எடுக்கிறேன். அந்தக் காவலரிடம் உண்மை சொன்ன நான், வீடு திரும்பியதும் பழைய புத்திக்குப் போய்விட்டேன். மூன்றாவது ஒட்டும் நானே போட்டது என்று அம்மாவிடம் சொன்னேன். பிறகு அவளைக் கட்டிக்கொண்ட மாப்பிள்ளையிடம் சொன்னேன். எல்லாக் கல்யாண வீட்டிலும் சொன்னேன். ஒன்பது ஆண்டுகளாகப் பக்கத்திலிருந்து அவளும் அதைக் கேட்டுக்கொண்டே பரிமாறினாள், ஒரு சொல் மறுத்ததில்லை.

இத்தனை பேர் சாட்சியாகச் சொல்கிறேன், தங்கச்சி, அந்த ஒட்டு உன்னுடையது.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி கூறி, கீழே இறங்கி அவளுக்குப் பம்ப் பிடிக்கப் போகிறேன். வணக்கம்.