பாங்காக் பஸ் ஸ்டாண்டில் படுத்தவர்கள்

இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வாரம் அது. திருக்கோவிலூரிலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் புறப்பட்ட எங்கள் பஸ், குறுக்கே வெட்டிப் போட்டிருந்த புளியமரத்தின் முன்னால் இரண்டு மணி நேரமாக நின்றது. எல்லோரும் சலித்துக்கொண்டிருந்தபோது, முன் இருக்கையில் இருந்த ஐம்பது வயது அம்மாள் கணவரிடம் சொன்னார்:

“பாங்காக் பஸ் ஸ்டாண்டுல ரெண்டு நாள் படுத்துக்கினு இருந்தோமே, அதுக்கு இது எவ்ளோ தேவல.”

நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“நேபாளத்துல மட்டும் இன்னா? சத்திரத்துல ஒரே கம்பளி. ராத்திரி பூரா நீதான் இழுத்துக்கின,” என்றார் கணவர்.

“லீவு போட்டுட்டு சுத்தின அந்த ஒரு வருசந்தாங்க, கொழந்த இல்லியான்னு யாரும் நம்மளக் கேக்கல.”

“கேட்டிருப்பாங்க. நமக்குதான் பாஷ புரியல.”

அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு மடியிலிருந்த துணிப்பையைத் தடவினார். அதில் சின்னதாக ஒரு பட்டுப் பாவாடை தெரிந்தது.

“ஒந்தம்பி வூட்டு காதுகுத்துலயும் கேப்பாங்க,” என்றார் கணவர் மெதுவாக. “திரும்பிடலாமா? பஸ்ஸு போவலன்னு சொல்லிக்கலாம்.”

அந்த அம்மாள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“வேணாங்க. அத்த எப்ப வருவாங்கன்னு அந்தப் பொண்ணு வாசலயே பாத்துக்கினு இருக்கும். நாலு மைலுதான, எறங்குங்க.”

கணவர் மரத்தின்மேல் ஏறி நின்று கை கொடுத்தார். பாவாடைப் பையை முதலில் அவரிடம் நீட்டிவிட்டு, அந்த அம்மாள் ஏறினார்.