வால் வெட்டின புரதம்

அந்த ஸ்டூல் வேணாம் மேடம், ஆடும். இப்படி உக்காருங்க. ஆடுறது எதுவுமே எங்க பெரிய சாருக்கு ஆகாது. இஸ்திரின்னுதான் அவருக்குப் பேரு வச்சிருக்கோம். சட்டை கசங்கினா அன்னிக்கு சோறு இறங்காது மனுஷனுக்கு.

நானா? இந்த லேப்ல பாட்டில் கழுவுறவன். பதினாறு வருஷம். படிப்பா? காது மட்டும் படிச்சிருக்கு.

இந்தச் சண்டையே ஒரு புரதத்தாலதான் மேடம். ஜீன் மேல போய் உக்காந்து, எந்திரி, வேலையப் பாருன்னு எழுப்பி விடுற ஆளு. தலை கெட்டி. வால் மட்டும் நனைஞ்ச நூலாட்டம், ஒரு நிலையில நிக்காது, எந்தப் படத்துலயும் விழாது. இஸ்திரி என்ன சொன்னாரு? மூக்காலயே பேசுவாரு, கேளுங்க: உருவமே இல்லாததுக்கு உத்தியோகம் எதுக்கும்மா, வெட்டு! வெட்டினாங்க. தலை ஜம்முனு படிகமாச்சு, படமும் விழுந்துச்சு. வாசல்ல கல்யாண போட்டோ கணக்கா ஃபிரேம் போட்டு மாட்டியிருக்காரே, அதான்.

ஆராய்ச்சிக்கு வந்த பொண்ணு ஒத்துக்கல. தலை சும்மா எடம் புடிக்குது சார், அந்த வால்தான் ஆளுக்குத் தகுந்தாப்ல வளைஞ்சு, கூட வேலை செய்யறவங்களைப் புடிச்சு இழுத்துட்டு வருதுன்னுச்சு. செஞ்சும் காட்டுச்சு. வாலோட இருந்த செல்லுல ஜீன் முழிச்சுக்கிட்டு பச்சையா மின்னுச்சு. வெட்டினதுல கும்மிருட்டு. நானே எட்டிப் பாத்தேன்.

அவரு மூஞ்சியா? இதோ, இப்படி. சிரிக்காதீங்க மேடம், விசாரணைக்கு வந்திருக்கீங்க.

என்னது, அப்படி ஒரு செல்லே இருந்ததில்ல, பொண்ணு கதை விடுதுன்னு எழுதிக் குடுத்திருக்காரா? அதுக்குத்தான் அந்தப் பொண்ண வெளிய அனுப்பறாங்களா? அடேங்கப்பா! பொய்யக்கூட தேய்ச்சுத்தான் போட்டுக்கறாரு.

அந்தச் செல்லு இருந்துச்சு மேடம். மூணு குப்பி, மஞ்ச மூடி, உறைபெட்டியில ரெண்டாவது தட்டு. எல்லாத்துலயும் அந்தப் பொண்ணு கையெழுத்து. எப்படித் தெரியுமா? அது ஊருக்குப் போயிருந்தப்ப, பழசு, கொட்டிடுன்னு இஸ்திரி நீட்டினாரு. நானும் வாங்கிக்கிட்டு, ஐயோ வாலம்மா, வாலு போச்சேன்னு அது மாதிரியே நடந்து காட்டினேன். பதினாறு வருஷத்துல அன்னிக்குத்தான் மனுஷன் என்னைப் பாத்து சிரிச்சாரு. அந்தக் குஷியில பிளீச் ஊத்தி, அரை மணி ஊறவச்சு, தொட்டியில விட்டுட்டேன்.

வாலம்மாவா? அந்தப் பொண்ணுதான். அந்தப் பேரும் நான் வச்சதுதான்.

ஏன் பேனாவ மூடிட்டீங்க? எழுதுங்க மேடம். கொட்டச் சொன்னது அவரு. கொட்டினது நான்.