விளம்பரம் வராத கம்ப்யூட்டர்

திருச்சுழி பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு நின்றேன். முன் சீட்டில் ஒரு பெண் தன் தோழியிடம் சொன்னாள்:

"வீட்டுக் கம்ப்யூட்டர்ல விளம்பரம் வரலைன்னு எங்க மாமனார் ரெண்டு நாளு சாப்பிடலடி."

"வரலைன்னா நல்லதுதான?"

"நான் அதே கம்ப்யூட்டர்ல கோயம்புத்தூர் வேலையாத் தேடிக்கிட்டிருந்தேன். அவுக பருத்தி விலை பார்க்க உக்காந்தா, பக்கத்துல பூரா லேடீஸ் ஹாஸ்டல் விளம்பரம். 'யாரு போறா?'ன்னு ஒரே சண்டை. அதான் விளம்பரம், வேவு பாக்குறது எதுவும் வராம மொத்தக் கம்ப்யூட்டருக்கும் தடை போட்டேன்."

"அப்புறம்?"

"'எதை மறைக்கிற?'ன்னு கேட்டாக. தடையை எடுத்தாத்தான் சாப்பிடுவாகளாம்."

"எடுத்தியா?"

"எடுத்தேன். எடுத்துட்டு, மூணு நாளா முதியோர் இல்லமாத் தேடுனேன். நேத்து அவுகளே, 'கோயம்புத்தூருக்கு எப்பம்மா கிளம்புற?'ன்னு கேட்டாக."