கட்டிலுக்கடியில் நாலு டயர்

— வேகம் பத்தலை. இன்னும் கொஞ்சம் அழுத்துங்க. அந்த மஞ்சள் கோடு வந்ததும் தட்டுவேன், உடனே பிரேக்.

— உன்னைப் பக்கத்துல வச்சுக்கிட்டு இவ்வளவு வேகம் போனது தெரிஞ்சா உங்க அம்மா சோறு போடமாட்டா, பாப்பா.

— இது வண்டி டெஸ்ட் மைதானம். இங்க பாப்பா கிடையாது, இன்ஸ்பெக்டர்.

— சரிங்க இன்ஸ்பெக்டர் மேடம். என்னைக்கும் இல்லாத திருநாளா காலையில அப்பன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் குடுத்த இன்ஸ்பெக்டர் மேடம்.

— பேசாம ஓட்டுங்கப்பா. இப்ப, பிரேக்.

— நின்னுச்சா? பாத்துக்க. பல்செட்டு கட்டியிருந்தா முன்கண்ணாடியில போய் ஒட்டியிருக்கும். ஒரு டாக்ஸி இதைவிடச் சீக்கிரம் நிக்கணும்னா எது மேலயாவது மோதித்தான் நிக்கணும்.

— அப்படிப் பேசாதீங்க.

— ஆமா. வாய் தவறிடுச்சு. நம்ம ஸ்டாண்டு விசில்காரன் மோதிச் செத்து இன்னும் ஈரம்கூட காயல.

— மிதிக்கும்போது காலுக்கு என்ன தெரிஞ்சுது?

— என்ன தெரியும், பெடல் தெரிஞ்சுது.

— பெடல் நடுங்குச்சு. ஸ்டியரிங்கும் நடுங்குச்சு. எனக்கு இந்தப் பக்கம் சீட்டு வரைக்கும் வந்துச்சு.

— வயசான வண்டி. எனக்கும்தான் கை நடுங்குது. என்னை யாரு ஃபெயில் பண்றா?

— இறங்குங்க. டார்ச்சைப் பிடிங்க. சக்கரத்துக்குள்ள அடிங்க, அங்க இல்ல, பிரேக் டிஸ்க் மேல. தொட்டுடாதீங்க, கொதிக்கும்.

— அடிச்சாச்சு.

— ஓரத்துல கரை கட்டி நிக்குது பாருங்க. நடுவுல தேஞ்சு பள்ளமாயிடுச்சு. சுத்திச் சுத்திக் கோடு.

— பழைய இசைத்தட்டு மாதிரி அழகாத்தானே இருக்கு?

— பாட்டு வருதானு நாங்க சோதிக்கிறதில்ல. இறக்கத்துல ரெண்டு தடவை சேர்ந்தாப்புல மிதிச்சீங்கன்னா சூடேறி பிரேக் கையை விரிச்சுடும். டிஸ்க்கை மாத்தணும்.

— டிஸ்க்கை விடு. டயரைப் பாரு, டயரை. பள்ளமும் மேடுமா புதுசு மாதிரி இல்ல? இதுல தண்ணி வந்தா தானா வழிவிட்டு ஒதுங்கிப் போயிடும். அவ்வளவுதான் விஷயம்.

— அதைத்தான் பாத்துட்டிருக்கேன். இந்த டயரை எனக்குத் தெரியும்.

— டயர்னா எல்லாம் ஒரே ஜாடைதான். கறுப்பா, வட்டமா.

— பின்னாடி இடது பக்கம், கம்பெனி பேருக்குக் கீழ ஒரு சிவப்புப் புள்ளி. என் நகப்பூச்சு. இந்த வேலைக்குப் பரீட்சை எழுதுறப்ப நாலையும் சக்கரத்தோட அடுக்கி, மேல தலகாணி போட்டு, அது மேல உக்காந்துதான் படிச்சேன். டயர் எவ்வளவு தேஞ்சா மாத்தணும்ங்கிற பாடத்தையும் அது மேலதான் உக்காந்து படிச்சேன்.

— மெதுவா பேசு. அடுத்த வண்டிக்காரன் காது இங்கதான் இருக்கு.

— அவனுக்கும் தெரியும். உங்க ஸ்டாண்டுல எல்லாருக்கும் தெரியும். டெஸ்ட்டுக்கு முன்னாடி நாள் நம்ம வீட்டுக்கு வரணும், கட்டிலுக்கடியிலேர்ந்து நாலையும் எடுத்து மாட்டணும், டெஸ்ட் முடிஞ்சதும் கழட்டித் திரும்பக் கட்டிலுக்கடியில தள்ளணும். இதுக்காகத்தானே எல்லாரும் பேசிவச்சு ஒரே மாடல் வண்டி வாங்கினீங்க?

— உதிரி பாகம் ஈஸியா கிடைக்கும்னு வாங்கினோம்.

— கிடைச்சுது. எங்க அம்மா கட்டிலுக்கடியில.

— கிண்டல் பண்ணாத. ஸ்டாண்டுல இருக்கிற அத்தனை குடும்பமும் இந்த நாலு டயர்ல ஓடுது.

— குடும்பம் ஓடுது. வண்டி வேற டயர்லல்ல ஓடுது? இந்த ஊர்லயே வெயில் மழை பாக்காம, படுக்கையறையில சொகுசா இருக்கிறது இது நாலும்தான். வீடு, மைதானம், வீடு. பின்ன எங்கேர்ந்து தேயும்?

— உங்க மீசைக்கார இன்ஸ்பெக்டர் இருந்தா இந்நேரம் முடிச்சு அனுப்பியிருப்பாரு. அவருக்குப் புள்ளியும் தெரியாது கோலமும் தெரியாது.

— அவர் லீவு. இல்லன்னா உங்க வண்டியை நான் தொடவே கூடாது. விசில் மாமா வந்தப்பவும் அவர் லீவுதான்.

— அவனை ஏன் இப்ப இழுக்குற?

— இதே இடத்துலதான் அவர் வண்டி நின்னுச்சு. சிவப்புப் புள்ளியைப் பாத்துட்டு அவரைப் பாத்தேன். அவர் விசில் அடிச்சுக்கிட்டு வானத்தைப் பாத்தாரு. பள்ளிக்கூடம் விட்டதும் கேட்டுக்கு வெளியே அதே விசில் அடிச்சுத்தான் என்னைக் கூப்பிடுவாரு. சிரிப்பு வந்துடுச்சு. பாஸ் போட்டுட்டேன்.

— நல்ல மனசுலதானே பண்ணுன.

— டிஸ்க் புதுசு போட்டிருக்கேன் பாப்பா, ஊருக்கே கேக்குற மாதிரி நிக்கும்னாரு. ஒரே பெருமை அதுல.

— நான்தான் சொன்னேன்.

— என்ன சொன்னீங்க?

— டிஸ்க்கும் போச்சு, டயரும் போச்சு, ரெண்டும் ஒரே நேரத்துல முடியாது, எதை முதல்ல மாத்தலாம்னு கேட்டான். டிஸ்க்கை மாத்துடா, நிறுத்துறது அதானேன்னேன். டயர் உருளுறதுக்குத்தானே இருக்குன்னேன்.

— அப்பா.

— என்னை அப்படிப் பாக்காத.

— டிஸ்க் சக்கரத்தைத்தான் நிறுத்தும். வண்டியை நிறுத்துறது டயர்தான். ரோட்டைத் தொட்டுக்கிட்டு இருக்கிறது அது மட்டும்தானே.

— இப்ப சொல்லு. அன்னைக்கு எவன் சொன்னான்? தூறல், இறக்கம், கீழ ஒரு லாரி நிக்குது. அவன் கவனிக்கல, தூங்கிட்டான்னு ஸ்டாண்டுல பேசிக்கிறாங்க. நானும் ஆமான்னு தலையாட்டிட்டு வந்துட்டேன்.

— தூங்கல. மோதின வண்டியைச் சோதிக்க என்னைத்தான் அனுப்புனாங்க. பெடல் கல்லு மாதிரி இருந்துச்சு. டிஸ்க்கைப் பாத்துத் தலை சீவலாம், அவ்வளவு பளபளப்பு. அவர் முன்னாடியே பாத்துட்டாரு, முன்னாடியே மிதிச்சுட்டாரு. சக்கரம் நாலும் சொன்ன பேச்சைக் கேட்டு நின்னுடுச்சு. வண்டி மட்டும் வழுக்கிக்கிட்டே போயிருக்கு. டயர் வழவழன்னு இருந்துச்சுப்பா. நம்ம உள்ளங்கையிலயாவது ரேகை இருக்கும்.

— போதும்.

— கண்ணாடி முழுக்க நொறுங்கிடுச்சு. நான் ஒட்டுன பாஸ் ஸ்டிக்கர் இருந்த துண்டு மட்டும் முழுசா கெடந்துச்சு.

— போதும்னேன்ல. அவன் பாடையைத் தூக்கும்போது முன்னாடி வலது தோள் நான். அதுக்கப்புறம் இறக்கத்துல இறங்கும்போதெல்லாம் அந்தத் தோள் வலிக்குது. உங்க அம்மா வேற, அவன் வீட்டுக்குப் போய் அவன் பொண்டாட்டிகூட உக்காந்துட்டு வந்ததுலேர்ந்து பேயடிச்ச மாதிரி இருக்கா. நான் சாவியை எடுத்தா வாசல்ல வந்து நிக்கிறா. நிக்கிறா, அவ்வளவுதான் விஷயம்.

— காலையிலயும் நின்னாங்களா?

— இல்ல. அதான் அதிசயம். நான் வெளிய வண்டியைக் கழுவிட்டு உள்ள வந்தா, குழாயடியில சோப்புப் போட்டுக் கையைத் தேச்சுக்கிட்டிருந்தா. கையெல்லாம் கறுப்பு. என்னடின்னா, அடுப்புத் தொடைச்சேன்னா. நம்ம வீட்டுல கேஸ் அடுப்பு, அதுல என்ன கரி?

— டிஸ்க் ஃபெயில். மாத்திட்டுக் கொண்டு வாங்க. அதுவரைக்கும் சவாரி எடுக்கக்கூடாது.

— பெத்த அப்பனை.

— பெத்த அப்பனைத்தான். டயர் பாஸ்.

— டயர் பாஸா?

— பாஸ்.

— இவ்வளவு பேசிட்டுப் பாஸா? அதான் பாத்தேன். என்ன இருந்தாலும் நம்ம ரத்தம். டிஸ்க்கை எப்படியாவது போட்டுடுறேன். டாக்டர் நாளைக்கு டெஸ்ட்டுக்கு வரான், சாயங்காலம் நாலையும் அவனுக்குக் கழட்டிக் குடுத்துட்டு, நான் மறுபடி வரும்போது...

— எந்த டாக்டர்?

— நம்ம ஸ்டாண்டு டாக்டர்தான். தினமும் வண்டிக்கு ஏதாவது ஒரு சீக்குன்னு சொல்லிக்கிட்டு அடியிலயே படுத்திருப்பானே, அவன்.

— அவருக்குக் குடுக்க முடியாதுப்பா.

— ஏன்?

— நான் இதுவரைக்கும் இந்த டயருக்குப் போட்ட பாஸ் எல்லாம் பொய். இது ஒண்ணுதான் நிஜம். இந்த டயர் இனிமே இந்த வண்டியிலதான் ஓடும்.

— நீ சொன்னா ஆச்சா? சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் ஜாக்கி வச்சேன்னா அரைமணி நேரத்துல மாத்திடுவேன்.

— மாத்தி எதை மாட்டுவீங்க?

— பழசைத்தான். நேத்து கழட்டி நான்தானே கட்டிலுக்கடியில தள்ளினேன்.

— அங்கதான் இருக்கு. நாலும் இருக்கு. பக்கவாட்டுல ஒவ்வொண்ணுலயும் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிஞ்சிருக்கு. உங்க ஆக்ஸா ரம்பத்து பிளேடும் உடைஞ்சிடுச்சு, வேற வாங்கித் தரேன்.

— விளையாடுறியா?

— இல்ல.

— நான் வெளிய வண்டி கழுவிக்கிட்டிருந்தப்பவா?

— ஆமா. தண்ணிச் சத்தத்துல உங்களுக்குக் கேட்டிருக்காது.

— படிக்கவச்சு, வேலைக்கு அனுப்பி, கடைசியில வீட்டுக்குள்ளயே என் சக்கரத்தை அறுத்திருக்க. நாலையும்.

— நாலு இல்லப்பா. நான் மூணுதான். சத்தம் கேட்டு எந்திரிச்சுப் போய்ப் பாக்கும்போது, அம்மா ஒண்ணை முடிச்சுட்டு, ரெண்டாவதுல பிளேடு இறங்காம அழுதுக்கிட்டிருந்தாங்க.