புதுக் கிராணியைப் பற்றி விசாரித்தது

ஈப்போவிலிருந்து காம்பார் போகும் பேருந்தில் படிக்கலாம் என்று கனமான புத்தகம் ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். கோப்பேங் தாண்டியும் முதல் பக்கத்தில்தான் இருந்தேன். குற்றம் முன் இருக்கைக்காரர்களுடையது.

"அவரு சொந்த மச்சானே அவருகிட்ட பேசறதில்ல அண்ணே," என்றார் இளையவர்.

மூன்று தோட்டப் பள்ளிகளுக்கும் பொதுவான வாரியத்தில் பணப்பொறுப்புக்குப் புதிதாக ஒரு பெரிய கிராணியை, அதாவது தலைமை எழுத்தரை, எடுத்திருக்கிறார்கள். எடுத்த பிறகுதான் ஆள் எப்படி என்று அவருடைய பழைய தோட்டத்தில் போய் விசாரித்திருக்கிறார் இளையவர்.

"போச்சு லா!" என்றார் பெரியவர். "கட்டடக் காசு முழுக்க அவரு கையிலதான் குடுக்கப் போறோம். சிபாரிசு பண்ணவன் நானு. என்னவாம்?"

"கோயில் திருவிழாக் கணக்கு பாத்திருக்காரு. மச்சான் ஆடு வாங்கிட்டு ரசீது இல்லாம வந்தாராம். 'ரசீது இருந்தாதான் காசு'ன்னுட்டாரு."

"மச்சானுக்கேவா?"

"கோயில் தலைவருக்கும் அதேதான். பந்தல்காரரு, மேளத்துக்கு ஏற்பாடு பண்ணவரு, ஒருத்தர்கூட நல்லவருன்னு சொல்லலண்ணே. தோட்டமே திட்டுது."

பெரியவர் கால்களை நீட்டி நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"முருகா, வயித்துல பால வார்த்தே! முன்ன இருந்த கிராணிய ஊரே புகழ்ந்துச்சு லா. மாலை போட்டு, போட்டோ புடிச்சு, பஸ் ஏத்திவிட்டுட்டு வந்துதானே காசுப் பெட்டியத் தொறந்து பாத்தோம்!"